பச்சைத் தண்ணீர்: ஒரு பாடமும் இரண்டு பாடபேதங்களும்

இந்தக் கதையை நான் கேட்டது கோவை வடவள்ளியில் வசிக்கும் கோதைநாயகி அம்மையாரிடம். சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், அவர் வீட்டுக் கூடத்தில். அவருடைய கணவர் தெய்வசிகாமணியும் உடன் அமர்ந்திருந்தார். அம்மையார் மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதலால் சொல்லிக்கொண்டு வரும்போதே தம் சொல்லைத் தாமே நிறுத்தித் திருத்திக்கொண்டு சொன்னார். அந்தத் திருத்தங்களை நான் நீக்கவில்லை. அவர் மனத்தில் ஓடியவற்றை அவர் சொன்ன வரிசையிலேயே எழுத்து நடைக்கு மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். பிறர் பேச்சு அவரவர் பேசியபடி இருக்கிறது. வேறு இருவர் சொன்ன பாடங்கள் இறுதியில்.

இப்போது திறக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி மூடியின்மேல் கையையே வைக்கக் கூடாது. சூடு ஆறட்டும், ஆறும்வரை நிற்பேன். மேட்டுப்பாளையம் நெரிசலைத் தாண்டி, கோத்தகிரிச் சாலை மலையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்கில், காற்றுப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் வண்டியை ஒதுக்கியாயிற்று. வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. தொடுவதற்கு ஒரு நூல் இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். தொட்டுவிட்டதோ, நிறுத்திய பிறகு பார்த்ததை முன்னால் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறேனோ, இல்லை, தொடவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிப் பழகியவள் நான். பின்புற மூடியைத் தூக்கி வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்த வண்டிக்கு இஞ்சின் பின்னால், இரண்டே இருக்கைகளுக்கு முதுகோடு முதுகாக. வெல்லப்பாகு லேசாகத் தீய்ந்தாற்போல ஒரு வாசனை வருகிறது. அது இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வாசனை, அவர் வண்டிக் கொட்டகையிலிருந்து உள்ளே வரும்போது சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் வாசனை. அதை மோந்தால் எனக்கு வயிற்றில் பசி எடுக்கும், என்ன பெண் நீ, விஷத்தை மோந்து பசிக்குதுங்கறே என்பார். என்பார். பக்கவாதம் வந்த பிறகு அவ்வளவு நீளமாகப் பேச மாட்டார். இடப்பக்க இருக்கையில், தரைக்கு ஒரு முழ உயரத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வலது கை கியர் தண்டுக்குப் பக்கத்தில் அவருடையதல்லாத ஒரு பொருளைப்போல் கிடக்கிறது. வழியெல்லாம் கியர் மாற்றும்போது அந்தக் கையை என் புறங்கையால் மெல்ல ஒதுக்கி ஒதுக்கித்தான் ஓட்டிவந்தேன். ஒருமுறைகூட அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஒவ்வொரு முறையும் நான் சரியான கியருக்குத்தான் போகிறேனா என்று கண் மட்டும் கீழே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அந்தக் கண் போதும். அந்தக் கண்ணுக்காகத்தான் இந்தப் பயணம். கிருபாகரனுக்கு அது தெரியாது. அவர் தம்பி, நல்லவர்தான், ஆஸ்பத்திரிக்கு ராப்பகலாக அலைந்தவர்தான். ஆனாலும், "அண்ணி, அண்ணன் பேசறது பேச்சில்லைங்க, வாய்க்கு வர்ற சத்தம். நீங்க அதுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சுட்டு இந்த ஓட்டை விமானத்தைத் தூக்கிட்டு மலை ஏறப் போறீங்களாக்கும்? வழியில நின்னுச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க, இழுவை வண்டியோட வந்து தூக்கிட்டுப் போயிடறேன். அதோட சரி. அப்புறம் அது வீட்டுக்கு வராது" என்றார். நான், சரி என்றேன். சரி என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. ஆகவே போன் பைக்குள் இருக்கிறது, பை தோளில் இருக்கிறது, அதை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி போய்விடும். வண்டி போனால், வண்டியோடு வாய்க்கு வரும் அந்த நாலைந்து சொல்லும் போய்விடும். வீட்டுக்குள் அவர் காபியைத் துண்டு என்கிறார், துண்டைச் செவ்வாய்க்கிழமை என்கிறார். என்னை ஒருநாள் வாளி என்றார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், பேரெல்லாம் இடம் மாறிப் போயிருக்குங்கம்மா, கோபப்படாதீங்க, என்றாள். ஆனால் இந்த இருக்கையில் உட்கார்த்திவைத்தால் சாவி சாவிதான், கிளட்ச் கிளட்ச்தான். இதைக் கண்டவள் நான் ஒருத்தி. ஒரே சாட்சியுள்ள வழக்கு.

முள் ஏறியதும், ஏனுங்க, கூலன்ட் குறைஞ்சிருக்குதுங்க, ஊத்தோணும், என்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். "பச்சத் தண்ணி" என்றார். பிறகு, "பச்சத் தண்ணி வேண்டா." அவ்வளவுதான். இரண்டு தடவை சொன்ன சொல், ஒரு தடவை சொன்ன மறுப்பு. இதை வைத்துக்கொண்டு நான் இப்போது தீர்மானிக்க வேண்டும். தொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் பழைய பல்லைப்போல மஞ்சளித்துவிட்டது. உள்ளே கிடப்பது இளஞ்சிவப்பாக இருந்து வெளிறியதா, பச்சையாக இருந்து பழுத்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது என்பது மட்டும் தெரிகிறது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன், சொட்டு இல்லை, ஈரம் இல்லை. மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றதில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியிருக்கிறது, அவர் பார்த்து நிரப்பியிருப்பார், பார்க்கிறவர் படுத்துவிட்டார். வண்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. மூடியில் ஒட்டியிருந்த சீட்டு வெந்து உதிர்ந்துவிட்டது. வேறு மெக்கானிக் கை இந்த வண்டியில் பட்டதே கிடையாது, கேட்பதற்கு. போனில் தேடினேன்: நிறத்தைப் பார்த்து ஊற்று என்கிறான் ஒருவன், நிறத்தை நம்பாதே, கம்பெனிக்கு கம்பெனி சாயம் மாறும் என்கிறான் இன்னொருவன், எல்லாம் ஒன்றுதான் என்கிறான் மூன்றாமவன். மூவரும் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆகவே என்னிடம் இருப்பது அவர் சொல் ஒன்றே. பச்சைத் தண்ணீர் வேண்டாம். பச்சை நிறத் தண்ணீர், அதாவது பச்சைக் கூலன்ட், அது வேண்டாம் என்கிறாரா? அல்லது பச்சைத் தண்ணீர், நாம் எல்லோரும் சொல்கிற பச்சைத் தண்ணீர், காய்ச்சாதது, குழாயில் வருவது, அது வேண்டாம் என்கிறாரா? நம் மொழியில் பச்சை என்பது எப்போது நிறமாக இருந்தது? பச்சரிசியில் பச்சை எங்கே இருக்கிறது? பச்சைக் கற்பூரம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு, பச்சை மண், பச்சைப் பொய். ஒன்றிலும் நிறம் இல்லை, வேகாமை இருக்கிறது, ஆறாமை இருக்கிறது, இப்போதுதான் நடந்தது என்பது இருக்கிறது. ஒருமுறை ஒரு வாய்க்கால் தகராறு வழக்கில் சாட்சிக்காரர், அவன் என்னைப் பச்சையாப் பேசினானுங்க என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பச்சையாக என்றால் ஒளிவுமறைவில்லாமல் என்றுதான் பொருள், என் கட்சிக்காரர் உள்ளதை வெளிப்படையாகப் பேசினார் என்பதைச் சாட்சியே ஒத்துக்கொள்கிறார் என்றார். நீதிமன்றமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சாட்சியின் சொல்லை அப்படியே தமிழிலேயே போட்டு, பக்கத்தில் இரண்டு பொருளையும் எழுதி வைத்தேன். சொல்லை மாற்றாதே, பொருளைக் குறைக்காதே. பணிக்காலம் முழுவதும் வேறு வேதம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் அங்கே எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், தீர்மானிப்பது வேறொருவர். இங்கே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, ஊற்ற வேண்டும்.

புறங்கையை மூடிக்குச் சற்று மேலே, தொடாமல், பிடித்துப் பார்க்கிறேன். சூடு இன்னும் முகத்துக்கு வருகிறது. தடித்த ரப்பர் குழாயை விரலால் அழுத்தினால் கல்லைப்போல இறுகி நிற்கிறது. உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். இப்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முகத்தில் அடித்தால் நான் விழுவேன், விழுந்தால் அவரை இந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து யார் தூக்குவார்? தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது, முதலில் இரண்டு காலையும் வெளியே திருப்பி, என் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, இடுப்பு வாரைப் பிடித்து. அது எனக்குத்தான் தெரியும். ஆகவே திறக்க மாட்டேன். நிற்பேன். பங்கை ஒட்டி உதிரிச் சாமான் கடை ஒன்று இருக்கிறது, ஜாபர் என்று பெயர்ப்பலகை, பெயருக்குரியவரும் பலகைக்குக் கீழேயே நிற்கிறார். கூலன்ட் இருக்குதுங்களா என்றதற்கு, "இல்லாம? பச்சை இருக்கு, ரோஸ் இருக்கு, நீலம் இருக்கு. எதுங்கம்மா வேணும்?" என்கிறார், சர்பத் கடையில் கேட்பதைப்போல. எது நல்லதுங்க? "எது தீந்து போகுதோ அது நல்லதுங்க. பச்சை நிறையப் போகும். ரோஸ் பெரிய வண்டிக்காரங்க வாங்குவாங்க. உங்க வண்டிக்கு" என்று எட்டிப் பார்த்து, "அது வண்டிங்களா, செருப்புங்களா, இத்தனாம் பெருசு இருக்குது?" நான் பதில் சொல்வதற்குள் காற்றுப் பிடிக்க வந்து நின்ற வேன் ஒன்றிலிருந்து இருவர் இறங்குகிறார்கள். கோத்தகிரியில் கல்யாணமாம், வேன் நிறைய அண்டாவும் கரண்டியும். ஓட்டுபவர் பொன்னுரங்கம், மற்றவர் தலைமைச் சமையல்காரர் வெள்ளிங்கிரி. கேட்காமலே பெயரும் ஊரும் சொல்லிவிட்டார்கள். பொன்னுரங்கம் என் வண்டியின் முன்புற மூடியைத் தூக்கி உள்ளே பார்த்து, "ஏனுங்கம்மிணி, இஞ்சினையே காணோம், களவு போயிருச்சுங்களா?" என்கிறார். பின்னால் இருக்குதுங்க. "பின்னாலயா! அதான் சூடு, உக்கார்ற எடத்துல அடுப்பு வெச்சா?" அவர் சுற்றிவந்து தொட்டியைப் பார்க்கிறார். "இதுக்குப் போய் ரோசு, நீலம்னு. பச்சத் தண்ணிய ஊத்திப்போட்டுப் போயிட்டே இருங்க. என்ற வண்டி பத்து வருசமாப் பவானித் தண்ணிதான் குடிக்குது." வெள்ளிங்கிரி சிரிக்காமல் சொல்கிறார்: "உன்ற வண்டியாச்சும் ஆத்துத் தண்ணி குடிக்குது. நீ என்ன தண்ணி குடிக்கறேங்கறதை அம்மிணிகிட்டச் சொல்லாதே." பவானித் தண்ணீர். எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் ஒரு குழாய், போர்த் தண்ணீர் ஒரு குழாய். போர்த் தண்ணீர் போன வெந்நீர்க் கலத்தை ஒருமுறை பிரித்தபோது உள்ளே கம்பி முழுவதும் உப்புப் படிந்து சுண்ணாம்புக் கிளிஞ்சலாக இருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார். அப்படியானால் பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்பது இந்த உப்பைத்தான். இல்லை, அவசரப்படாதே, இரண்டு நிறத்தைக் கலந்தால் உள்ளே களிபோல் கட்டிக்கொள்ளும் என்றும் அவரே ஒருநாள் யாரிடமோ போனில் கத்தினார், எந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை, அப்போது எனக்கு வண்டி என்பது அவர் கொட்டகைக்குள் போய் அடைந்துகொள்ளும் சக்களத்தி. அப்படியானால் பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்பது அந்தக் களியைத்தான். இரண்டும் நிற்கிறது. இரண்டும் சமமாக நிற்கிறது.

இந்தத் தராசு இப்படி நின்றுகொண்டிருக்கையில் வெள்ளிங்கிரி மூன்றாவது கல்லைக் கொண்டுவந்து வைக்கிறார். என்னங்க சொன்னாரு ஐயா, என்று கேட்டார், சொன்னேன். அவர் குனிந்து இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மிணி, பச்சத் தண்ணி வேண்டாங்கறாருன்னா சுடுதண்ணி கேக்கறாருங்க. வாய் கோணியிருக்குதல்ல, பச்சத் தண்ணி எறங்காது. பாவம், தாகம்" என்றார். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டேன். உண்மைதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர்தான், பச்சைத் தண்ணீர் கொடுத்தால் புரையேறும், நானே அவரைக் கவனிக்கும் ஆயாவிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், பச்சத் தண்ணி வேண்டாம் ஆயா, பச்சத் தண்ணி வேண்டாம் என்று. இது என் வாக்கியம். என் வாக்கியம் அவர் வாயிலிருந்து திரும்பி வருகிறதா? கிளி சொல்வதைப்போல? அப்படியானால் கிருபாகரன் சொன்னது சரி, சத்தம், எதிரொலி, வண்டிக்குள் உட்கார்ந்தால் சொல் சொல்லாக வருகிறது என்பது நான் வளர்த்துக்கொண்ட ஆசை. போனை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் எவ்வளவு நிம்மதி. இழுவை வண்டி வரும், நாங்கள் வாடகைக் காரில் வீடு போவோம், இனி எந்தச் சொல்லுக்கும் நான் தூக்கம் கெட வேண்டியதில்லை, துண்டு என்றால் காபி, வாளி என்றால் நான். பையின் பித்தளைக் கொக்கி விரலில் சுடுகிறது, வெயிலில் காய்ந்திருக்கிறது. இல்லை. கையை எடு. முதலில் தாகத்தைக் கேள். கூஜாவிலிருந்து வெந்நீரை ஊற்றி அவர் உதட்டருகே கொண்டுபோகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "வேண்டா." தாகம் இல்லை. சமையல்காரரின் பாடம் விழுந்தது. விழுந்ததா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் பொருளா? பயிற்சிப் பெண் சொன்னாள், ஆமா, இல்ல ரெண்டும் கொஞ்ச நாளைக்குத் தடுமாறும், தலையாட்டறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க என்று. வேண்டும் என்பது வாய்க்குள் திரும்பி வேண்டாம் என்று வெளியே வருமாம். அப்படியானால் பச்சைத் தண்ணீர் வேண்டும் என்கிறாரா? இரண்டு பொருள் நான்கு பொருளாகிறது. நான்கையும் வைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் நிற்கிறேன். ரயிலடிப் பக்கமிருந்து ஏதோ கூவுகிறது. பாக்குமரத் தோப்பிலிருந்து ஈரக்காற்று ஒன்று வந்து கழுத்து வேர்வையைத் தொட்டுவிட்டுப் போகிறது. அவர் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜாபரிடம் மூன்று பாட்டிலையும் வாங்கி வருகிறேன், பார்த்துட்டுத் தர்றேனுங்க என்று. "பார்க்கறதுக்கு எதுவும் இல்லைங்கம்மா, பாருங்க" என்கிறார். பச்சையைக் கண்ணாடிக்கு வெளியே, அவர் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறேன். வெயில் உள்ளே புகுந்து கிளிச்சிறகாகத் தெரிகிறது. "வேண்டா." ரோஸ். "வேண்டா." நீலம். "வேண்டா." குடிப்பதற்குப் பொன்னுரங்கம் வைத்திருந்த குழாய்த் தண்ணீர் பாட்டிலை வாங்கி அதையும் காட்டுகிறேன். "வேண்டா." நாலாவது வேண்டாவில் பொன்னுரங்கம் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோகிறார்; வெள்ளிங்கிரி, "எல்லாத்துக்கும் அதேதானுங்க சொல்றாரு. விடுங்கம்மிணி, அவரை எதுக்குச் சிரமப்படுத்தறீங்க" என்று தணிந்த குரலில் சொல்கிறார். அந்தத் தணிந்த குரல் எனக்குத் தெரியும். இறந்தவர் வீட்டு வாசலில் பேசும் குரல். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தால் அது பதிலே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். டாக்டர், கிருபாகரன், இந்த நல்ல மனிதர், சற்று முன் பையில் கைவைத்த நான். சோதித்துப் பார்க்கலாம். மலைக்குப் போலாங்களா என்று கேட்டு, அதற்கும் வேண்டா என்றால் தெரிந்துவிடும். அவர் உயிரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மலை. கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்க மாட்டேன். சாட்சியை மடக்கிப் பார்ப்பது எதிர்த்தரப்பின் வேலை, என் வேலை அதுவல்ல. நான் எந்தத் தரப்பு என்பதை எப்போதோ முடிவு செய்துகொண்டவள். சொல்லை மாற்றாதே. அவர் வேண்டாம் என்றார், ஐந்து முறை சொன்னார், வெந்நீரையும் சேர்த்து. ஐந்தையும் மெய்யென்று வை. வைத்துவிட்டுப் பிறகு யோசி. வெந்நீர் வேண்டாம், ஏனெனில் தாகம் இல்லை. பச்சை வேண்டாம், ரோஸ் வேண்டாம், நீலம் வேண்டாம். எதுவானாலும் உள்ளே இருப்பதோடு சண்டை போடக்கூடும், அது எதுவென்று இங்கே யாருக்கும் தெரியாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு. அதாவது நிறமுள்ள எதுவும் வேண்டாம், பச்சையான எதுவும் வேண்டாம். அவர் தடுமாறவில்லை. ஒரே வாக்கியத்தைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பொருளில் எதை எடுப்பது என்று நான்தான் மாரடித்துக்கொண்டிருந்தேன். இரண்டையுமே எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் நிற்கும்படி ஒரு பொருள் இருந்தால். நிறமில்லாத தண்ணீர், பச்சையாக இல்லாத தண்ணீர். ஆவியாகப் போய்க் குளிர்ந்து திரும்பிய தண்ணீர். வீட்டில் இன்வெர்ட்டருக்கு வருஷத்தில் இரண்டு தடவை நானே ஊற்றுகிறேனே!

ஜாபர் பாய், பேட்டரித் தண்ணி இருக்குதுங்களா? அவர் குனிந்து அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கேனை எடுத்துத் தூசி தட்டுகிறார். "இது பேட்டரிக்குங்கம்மா." தெரியுமுங்க. "கூலன்ட்டுக்குக் கூலன்ட்தான்." கொஞ்சந்தானுங்க குறைஞ்சிருக்குது, மலை ஏறி எறங்கி வீடு போய்ச் சேந்துட்டு எல்லாத்தையும் வடிச்சுட்டுப் புதுசா மாத்திக்கறேனுங்க. அது என் முடிவு. கேனைக் கொண்டுவருகிறேன், கண்மட்டத்துக்குத் தூக்குகிறேன். அவர் பார்க்கிறார். வாய் திறக்கிறது. வேண்டா வரப்போகிறது என்று என் தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்கின்றன. வாய் மூடுகிறது. ஒன்றும் வரவில்லை. தலையை இருக்கையில் சாய்த்துக்கொண்டு மறுபடி மலைக்குத் திரும்பிவிட்டார். பொன்னுரங்கம், "ஒண்ணும் சொல்லலைங்களே" என்கிறார். ஆமாங்க, என்கிறேன், ஒண்ணும் சொல்லலை. எனக்குச் சிரிப்பு வருகிறது. மௌனம் சம்மதம் என்பதை எத்தனை வக்கீல்கள் எத்தனை அயோக்கியத்தனத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், இன்று ஒருநாள் நல்லதற்குப் பயன்படட்டும். ரப்பர் குழாய் இப்போது விரலுக்கு அமுங்குகிறது. மூடிமேல் மடித்த துணியை வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கால் சுற்றுத் திருகு. ஸ் என்று ஒரு மூச்சு. நிறுத்து. காத்திரு. மூச்சு ஓயட்டும். மறுபடி கால் திருகு. வந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்க்கிறேன்: ஆறிய டீ நிறம். எந்தச் சாயமாகவும் இருந்திருக்கலாம். நல்லவேளை, இதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று காத்திருக்கவில்லை. வெள்ளிங்கிரி அண்டாவுக்கு வைத்திருந்த புனலைக் கழுவித் துடைத்துத் தருகிறார், நெய் வாசனை போகலைங்க என்று வருத்தப்படுகிறார், போகும்வரை அவரே திரும்பவும் துடைக்கிறார். ஊற்றுகிறேன். நிறமில்லாமல், சத்தமில்லாமல் இறங்குகிறது. கீழ்க்கோடு. அதற்கு மேல். மேல்கோட்டைத் தொட விடக்கூடாது, சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டும். போதும். மூடியைத் திருகி, பின்மூடியை இறக்கி, என் இடத்தில் தாழ்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறேன். முதுகுக்குப் பின்னால் இஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுகிறது. முள் தன் இடத்தில் நிற்கிறது. அவருடைய வலது கையைப் புறங்கையால் ஒதுக்குகிறேன், முதல் கியர். கண் கீழே வந்து பார்க்கிறது. முதல் வளைவு, பாக்குத் தோப்புக்கு அப்பால் பாறை, முள் நிற்கிறது. இரண்டாவது வளைவில் சாலை செங்குத்தாகிறது, நான் முள்ளைப் பார்க்கிறேன், அவர் முள்ளைப் பார்க்கிறார், முள் நிற்கிறது. "ரெண்டு" என்கிறார். இரண்டாவது கியரில் போ என்கிறார். போகிறேன்.

கோதைநாயகி அம்மையார் சொன்ன பாடம் இங்கே முடிகிறது. இதே நிகழ்ச்சியை மேட்டுப்பாளையம் ஜாபர் வேறுவிதமாகச் சொல்கிறார். அவர் பாடத்தில் அம்மையார் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஐயாவே இடக்கையை வெளியே நீட்டிக் கடையின் அடித்தட்டைச் சுட்டி, "அந்த வெள்ளைக் கேனை எடு" என்று முழு வாக்கியமாகச் சொன்னார், அம்மையார் எடுத்து ஊற்றினார், அவ்வளவே. கிருபாகரன் சொல்லும் பாடத்தில் வண்டி மலை ஏறவே இல்லை. இரண்டாவது வளைவில் நின்றுவிட்டது, தாமே இழுவை வண்டியோடு போய்க் கொண்டுவந்ததாகவும், அண்ணி இதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றும் அவர் சொன்னார். நான் கதை கேட்ட அன்று வடவள்ளியில் கொட்டகை பூட்டியிருந்தது. வண்டி உள்ளே நிற்கிறதா என்று திறந்து காட்டும்படி நான் கேட்கவில்லை.

இரு பாடங்களையும் அம்மையாருக்குப் படித்துக் காட்டினேன். கொழுந்தனாருடைய பாடத்துக்கு, "அவரு நல்லாச் சொல்லுவாருங்க" என்று மட்டும் சொன்னார். ஜாபருடைய பாடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அதையே முதல்ல போட்டுருங்க. என்னோடதை அடியில போட்டாப் போதும்" என்றார். பக்கத்து நாற்காலியிலிருந்து தெய்வசிகாமணி, "வேண்டா" என்றார்.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே வரிசையை மாற்றாமல் விட்டிருக்கிறேன்.